மாட்டுப்பட்டியில் ஒரு கார்

ஊசிப்பாறைத் தோட்டத்து ஸ்டோரில் வீரய்யா பிட்டர், இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். ஸ்டோர் என்றால் கடை அல்ல. கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்துப் பெட்டியில் அடைக்கிற தேயிலை ஃபேக்டரியைத் தோட்டத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். கீழே ஒரு பெரிய எஞ்சின். அது சுற்றுகிற சுற்றை அகலமான பெல்ட்டுகள் மேலே தூக்கிக்கொண்டுபோய் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பங்கு வைக்கும். இருபத்தாறு வருஷமாக வீரய்யாவின் பிழைப்பு அந்தப் பெல்ட்டுகளோடுதான். அறுந்தால் தைப்பான். தளர்ந்தால் வெட்டி இழுத்துச் சேர்ப்பான். வழுக்கினால் ஒரு பிடி குங்கிலியப் பொடி தூவுவான். பெல்ட் கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

அவனுக்கு உலகத்தில் பெல்ட்டை மிஞ்சின பொருள் கிடையாது. கோழிக்கூட்டுக் கதவுக்குக் கீல் பெல்ட். செருப்புக்கு அடி பெல்ட். தண்ணீர் வாளிக்குப் பிடி பெல்ட். "வேலாயி கழுத்துல கெடக்குற தாலிகூட பெல்ட்டுலதான் கோத்திருக்கு, வேணும்னா இழுத்துப் பாருங்க" என்று லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது கேலி பேசுவார்கள். வேலாயியும் சேர்ந்து சிரிப்பாள். 1953 மாசி மாதத்தோடு அந்தக் கேலி நின்றுபோனது.

அந்த மாசியில் வேலாயிக்குப் பேறுகாலம். மகள் இராக்கம்மா பெரியவளாகிக் கொழுந்தெடுக்கப் போன பிறகு தரித்த கரு. பிள்ளை செத்துப் பிறந்தது, இரத்தம் நிற்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியின் மருந்து ஐயா உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். லாரியும் நின்றது. ஆனால் லாரியில் தேயிலைப் பெட்டிகளும் இருந்தன. ரயிலுக்கு நேரமாகிறது, பெட்டியை ஸ்டேசனில் இறக்கிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஆபீசில் உத்தரவு. அப்படியே என்பது எவ்வளவு லேசான வார்த்தை பாருங்கள். வேலாயியைப் பெட்டிகளின்மேல் கிடத்திக்கொண்டு போனார்கள். ஸ்டேசனில் அவளைத் தூக்கி ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு, டிரைவர் பலீலும் கிளீனரும் பெட்டிகளை இறக்கினார்கள். கடைசிப் பெட்டி இறங்கியபோது அவள் கால் சில்லிட்டிருந்தது. வீரய்யா பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

அன்றிலிருந்து அவன் பலீலோடு பேசுவதில்லை. பலீல் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்து என்ன செய்ய, உத்தரவின் முகத்தில் காறித் துப்ப முடியுமா? பலீலுக்குத்தான் முகம் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து, கல்யாணமாகியிருந்த இராக்கம்மா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று, வீரய்யா தோட்ட மேனேஜர் குடியிருக்கிற தொரை பங்களாவுக்கு நேராகப் போனான். பங்களாவுக்குப் பின்னால் இடிந்த கொட்டகையில் ஒரு மொரிஸ் கார் கிடந்தது. 1926-ல் கப்பலில் வந்தது. வெள்ளைக்காரத் தொரை சீமைக்குப் போகும்போது விட்டுப்போனது. டயர் மக்கி, கூரைத் துணி கிழிந்து, பின் சீட்டில் கோழி அடைகிடந்தது. கண்டியிலிருந்து வந்திருந்த புதுத் தொரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்; பிறகு, "அந்தக் குப்பை போனா எனக்கும் எடம் மிச்சம், எடுத்துக்கோ" என்றார்.

பன்னிரண்டு பேர் வடம் பிடித்துக் காரை இழுத்து வந்தார்கள். லயத்துக்குப் பின்னால் வீரய்யாவுக்கு ஒரு மாட்டுப்பட்டி இருந்தது. பசுவை மருமகன் இராசையாவின் பட்டிக்கு மாற்றிவிட்டு, சாணித் தரையில் பலகை போட்டு, காரை அங்கே குடிவைத்தார்கள். தோட்டமே வேடிக்கை பார்க்க வந்தது. மாடு இருந்த இடத்தில் மொரிஸ் வந்துவிட்டது, இனிப் பால் கறக்க வேண்டியதுதான் பாக்கி என்று சிரித்தார்கள். வீரய்யா சிரிக்கவில்லை.

"எம் மக தேயில லாரில ஏற மாட்டா" என்றான். "அவ படுத்த வாக்குல, பெட்டி எறக்காம, நேரா ஆஸ்பத்திரி வாசல்ல போயி எறங்கணும். அம்புட்டுத்தான்."

அதற்குப் பிறகு வேலை முடிந்த ஒவ்வொரு சாயங்காலமும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாட்டுப்பட்டியில்தான். இறுகிப்போன எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு வாரம் ஊறவிட்டான். பதினைந்தாம் நாள் ஹேண்டிலைப் போட்டு மெல்ல அசைத்தபோது, உள்ளே ஏதோ பெருமூச்சு விட்ட மாதிரி இளகியது. ரேடியேட்டரில் ஏழு ஓட்டை; ஏழையும் ஈயம் காய்ச்சி அடைத்தான். டயர்களைப் பதுளைக் கடைவீதியில் மொஹிதீனிடம் பழசாக வாங்கினான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற இராசையா, கத்தி பிடித்துக் காய்த்த கையால் துரு தேய்த்துக் கொடுத்தான். அதிகம் பேசாத பையன். மாமனார் சொன்னதைச் செய்வான், செய்துவிட்டு அடுத்தது என்ன என்பதுபோல நிற்பான்.

உடம்பை மாற்றியதுதான் பெரிய வேலை. பின் சீட்டு இருந்த பாகத்தை வாளால் அறுத்து எடுத்துவிட்டு, அங்கே ஆறடி நீளத்துக்கு ஒரு பெட்டி கட்டினான். பலகைக்கு எங்கே போக? ஸ்டோரில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிப் பலகைதான். ஒவ்வொன்றிலும் தோட்டத்துப் பெயர் கறுப்பாக அச்சடித்திருந்தது. அந்த எழுத்தைக் கண்டால் அவனுக்கு வயிறு எரியும். இழைப்புளி போட்டுச் சுரண்டி, அதற்கு மேலும் பச்சைப் பெயின்ட் இரண்டு கை பூசினான். உள்ளே ஒரு கட்டிலை நாலு மூலையிலும் பெல்ட்டில் தொங்கவிட்டான், குழியில் விழுந்தாலும் படுத்திருப்பவளுக்கு அதிராமல். இராக்கம்மாவை ஏறிப் படுக்கச் சொல்லி, அவனும் இராசையாவும் வண்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள்.

"தொட்டில் மாதிரி இருக்குப்பா" என்றாள் அவள். "எனக்கா, வரப்போற புள்ளைக்கா?"

கடைசியில் பிரேக். பழைய லைனிங் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. டிரம்முக்குள் சில்லை, அதாவது சக்கரத்தை, பிடித்து நிறுத்துகிற பட்டை அதுதான். கொழும்பிலிருந்து வரவழைக்க மூன்று மாதமாகும் என்றான் மொஹிதீன். மூன்று மாதம் ஏன் காத்திருக்க வேண்டும்? பிடிப்பதற்கென்றே பிறந்த பொருள் கையில் இருக்கும்போது?

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கனகரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெட்டி எறிந்த பெல்ட் துண்டு வேண்டும் என்று வீரய்யா போய் நின்றபோது, "எடுத்துக்கொண்டு போ. ஆனா வீரய்யா, உது காருக்குச் சரிவருமோ?" என்றார்.

"இருவத்தாறு வருசம் இந்த ஸ்டோரையே தாங்குதுங்க. ஒத்தக் காரத் தாங்காதா?"

கித்தானைப் பலாட்டா என்கிற மரப்பாலில் தோய்த்து, மடித்து இறுக்கிய பெல்ட். அதை அளந்து வெட்டி, பிரேக் ஷூவில் வைத்துச் செம்பு ரிவிட்டு அடித்தான். ஸ்டோர் ரோட்டில் ஓட்டிக் காலை வைத்தபோது கொஞ்சம் வழுக்கியது. சிரித்துக்கொண்டே டிரம்மைக் கழற்றி, குங்கிலியப் பொடி தூவி மூடினான். மறுபடி மிதித்ததும் கார் அடித்த ஆணி மாதிரி நின்றது. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துச் சரிவில் நின்றது. தோட்டத்துக்கே வந்த அதிகாரியிடம் லைசென்சுக்கு ஓட்டிக் காட்டிய சமதரையிலும் நின்றது. அந்தக் காலத்துக் காரில் முன் சில்லுகளுக்குப் பிரேக்கே கிடையாது. காலால் மிதிப்பதும் கையால் இழுப்பதும் பின் சில்லுகளைத்தான். எல்லாவற்றுக்கும் பெல்ட்தான். அவனுக்கு அதில் ஒரு திருப்திகூட.

மலைநாட்டு லாரிகளில் கிளீனர் ஒருவன் ஆப்பு மாதிரிச் செதுக்கிய ஒரு கட்டையோடு தொற்றிக்கொண்டு வருவான். ஏற்றத்திலோ இறக்கத்திலோ வண்டியை நிறுத்தினால் குதித்து, சில்லுக்கு அடியில் கட்டையைப் போட்டுவிட்டு விலகிக்கொள்வான். வீரய்யாவும் பலாக்கொட்டை மாதிரி வழவழவென்று இழைத்து ஒரு கட்டை செய்து மருமகன் கையில் கொடுத்தான். "இனிமே நீங்க கிளீனர் மாப்புள்ள" என்றான். இராசையா சிரித்தான். நாலைந்து தடவை ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துப் பழகவும் செய்தான்.

ஏழாம் மாதம் மருத்துவச்சி பாக்கியலெட்சுமி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் ஆகிற பிரசவம் இல்லை இது என்றாள். ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே போய்ப் படுக்க ஒரு தேதியும் குறித்தாகிவிட்டது. பிள்ளைக்குத் தேதி தெரியுமா? ஒன்பது நாள் முந்திக்கொண்டு, தை மாதத்து ஒரு விடிகாலை, பெரட்டுத் தப்பு அடிக்கிற நேரத்தில் வலி கண்டுவிட்டது.

மாட்டுப்பட்டியிலிருந்து காரை வெளியே எடுத்து, கட்டிலில் இராக்கம்மாவைப் படுக்க வைத்து, துணைக்குப் பாக்கியலெட்சுமியையும் ஏற்றிக்கொண்டிருந்தபோது லாரி வந்து நின்றது. பலீல் இறங்கி வந்தான்.

"வீரய்யாண்ணே, மருந்து ஐயா சொல்லித் தொரையே அனுப்பினாரு. பெட்டி பாதிதான் ஏத்தியிருக்கு. ஸ்டேசனுக்குப் போகாத, நேரா ஆஸ்பத்திரிக்குப் போன்னுட்டாரு. மேல மெத்தை போட்டிருக்கு."

லயத்தில் அத்தனை பேரும் வீரய்யாவைப் பார்த்தார்கள். இராசையா லாரியைப் பார்த்தான். நல்ல லாரி, போன வருஷம் வந்தது. அதன் பிளாட்பாரத்தில் தேயிலைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன, பக்கவாட்டில் கறுப்பு எழுத்தோடு. வீரய்யாவுக்கு அந்த எழுத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"ஒரு தடவ ஏத்துனது போதும்" என்றான்.

"கோவம் எம்மேல இருக்கட்டும். புள்ளைய லாரில ஏத்துங்க."

"வழிய விடு."

பலீல் நகர்ந்தான். நகர்ந்தவன் திரும்பி வந்தான். "அப்ப ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. முனியாண்டி கோயில் தாண்டினா ஆறு மைல் எறக்கம். கியர எடுத்துராதீங்க. ரெண்டாங் கியர்லயே உறுமிக்கிட்டுப் போகட்டும். பிரேக்க நம்பாதீங்க."

"எம் பிரேக்கு சங்கதி ஒனக்குத் தெரியாது" என்றான் வீரய்யா. நாலு வருஷத்தில் அவனோடு பேசிய மூன்றாவது வாக்கியம் அது.

மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்ல இராசையாவுக்கு வாய் வந்தது. வந்த வாயை மூடிக்கொண்டு, கட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்து, பக்கப் படியில் ஏறி நின்றுகொண்டான்.

ஏற்றம் நன்றாகவே போனது. மொரிஸ் இருமிக்கொண்டும் கொதித்துக்கொண்டும் மலையேறியது. முனியாண்டி கோயிலில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். இராசையா சில்லுக்குக் கட்டை போட்டான், எடுத்தான். வீரய்யா கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இரண்டாம் கியரில் இறங்கத் தொடங்கினான். பலீல் சொன்னதற்காக அல்ல, தனக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் கியரில் எஞ்சின் கத்தியது. வண்டி முழுக்க உதறியது. ஒவ்வொரு உதறலுக்கும் பின்னால் கட்டிலிலிருந்து இராக்கம்மா முனகினாள். வேலாயியின் முனகல் மாதிரியே இருந்தது. அவனால் அதைக் கேட்க முடியவில்லை. "சத்தம் வவுத்துல இடிக்குதுப்பா" என்றாள். வீரய்யா கியரை எடுத்துவிட்டான்.

எவ்வளவு சுகமாகப் போய்விட்டது. இரைச்சல் அடங்கி, கார் தண்ணீரில் போகிற மாதிரி உருண்டது. மகளின் முனகல் நின்றது. இரண்டு பக்கமும் தேயிலை, கீழே பனி மூட்டத்துக்குள் எங்கேயோ பதுளை. வளைவுக்கு வளைவு காலை வைத்தான், பிரேக் பிடித்தது. இதற்காகத்தானே ஏழு மாதம் துருவோடு மல்லுக்கட்டினான். வேலாயி இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தான், கண் கலங்கியது.

மூன்றாவது மைலில் அந்த வாசனை வந்தது.

ஸ்டோரில் ஏதாவது இயந்திரம் இறுகி, பெல்ட் வழுக்கி ஒரே இடத்தில் தேய்ந்தால் வருகிற கருகல் வாசனை. இருபத்தாறு வருஷமாக அந்த வாசனை மூக்கில் ஏறிய உடனே ஓடிப்போய்ப் பெல்ட்டைத் தட்டிக் கழற்றிவிடுவான். மூக்கு சொன்னதும் கை தானாக உயர்ந்தது. இங்கே எதைத் தட்டிக் கழற்றுவது? அடுத்த வளைவில் காலை வைத்தான். கால் சேற்றில் இறங்குகிற மாதிரி இறங்கியது. கைப்பிரேக்கை இழுத்தான். அது நெஞ்சுவரை வந்தது, வண்டி கேட்கவில்லை. கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினான். பற்கள் அலறின, விழவில்லை. வாழ்நாளில் பத்து மைல் இறக்கம் ஓட்டியிராத கை அது.

"மாப்புள்ள, பிரேக் போச்சு."

வீரய்யா காரை மேட்டுப்பக்க மண்ணில் உரசவிட்டான். கற்கள் பச்சைப் பலகையைக் கீறின. வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது. எதிரே ஒரு கொண்டை வளைவு, அதற்கப்பால் ஒன்றுமில்லை, வெறும் பனி. இராசையா குதித்தான். பழகியபடி ஓடிக்கொண்டே பின் சில்லுக்கு முன்னால் கட்டையைப் போட்டான். சில்லு அதன்மேல் ஏறித் தாண்டிக் கட்டையை உதைத்துத் தள்ளியது. அவன் கட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடி வந்தான். இந்தத் தடவை போட்டுவிட்டு விலகவில்லை. நழுவிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சில்லுக்கு முன்னால் குனிந்தான். அதை வீரய்யா பார்க்கவில்லை, வண்டி எதன்மேலோ ஏறித் தூக்கிப்போட்டதைத்தான் உணர்ந்தான்.

கார் ஒரு பக்கமாகச் சுழன்று, மைல்கல்லில் மோதி நின்றது. விளிம்புக்கு இரண்டு முழம் இருந்தது.

பெட்டிக்குள் பாக்கியலெட்சுமி இராக்கம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டில் தொங்கிய கட்டில் அப்படியும் இப்படியும் ஆடியது. இராக்கம்மாவுக்கு ஒரு கீறல் இல்லை. அந்த வேலையை அவன் சுத்தமாகத்தான் செய்திருந்தான்.

கால்மணி நேரத்தில் லாரி வந்தது. பலீல் இறங்கி, ரோட்டைப் பார்த்தான், வீரய்யாவைப் பார்த்தான். ஒரு படங்குச் சாக்கை எடுத்து இராசையாவின்மேல் போர்த்தினான். பிறகு அவனும் வீரய்யாவும் பாக்கியலெட்சுமியுமாக இராக்கம்மாவை மறுபக்கமாக இறக்கி, அவள் கண்ணில் எதுவும் படாமல் லாரியில், தேயிலைப் பெட்டிகளின்மேல் கிடத்தினார்கள்.

"அவுக எங்க?" என்று கேட்டாள்.

"வண்டி ரிப்பேரு தாயி. அப்பாவோட நின்னு பாத்துக்கிறாங்க" என்றாள் பாக்கியலெட்சுமி. லாரி இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு இறங்கிப் போனது. அந்தச் சத்தம் அடிவாரம்வரை கேட்டது.

வீரய்யா மருமகனுக்குப் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்திருந்தான். பின் சில்லிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டான். சுட்டது. மரப்பால் உருகிக் குங்கிலியத்தோடு குழம்பாகியிருந்தது. ஸ்டோரில் பெல்ட் சூடானால் காற்றில் சுற்றிச் சுற்றி ஆறிக்கொள்ளும். டிரம்முக்குள் அதற்குக் காற்று ஏது? பிடிக்கப் பிடிக்கச் சூடு, சூடாகச் சூடாக வழுக்கல். கனகரத்தினம் ஐயா கேட்டபோது ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இது அவனுக்கே புலப்பட்டிருக்கும். அவன் யோசிக்கவில்லை. பெல்ட்டைப் பற்றி யோசிக்கிற பழக்கமே அவனுக்கு விட்டுப்போயிருந்தது.

போலீஸ் வந்தது. பழைய வண்டி, பிரேக் உடைந்துபோயிற்று என்று எழுதிக்கொண்டது. வீரய்யா வாயைத் திறப்பதற்குள் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். வாசலில் பாக்கியலெட்சுமி காத்திருந்தாள். அறுத்துத்தான் எடுத்தார்களாம். ஆண் பிள்ளை. இரண்டு உயிரும் பத்திரம். "இன்னும் சொல்லல. நீங்களே சொல்லுங்க. பிரேக் ஒடஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க, போலீஸ் எழுதின மாதிரியே. யாரு மேலயும் குத்தமில்ல" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

குழாயில் கையை மூன்று தடவை கழுவிவிட்டு வார்டுக்குள் போனான். இராக்கம்மா வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் பிள்ளை. அப்பனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"கடைசீல தேயிலப் பொட்டி மேலதாம்ப்பா வந்தேன். ஒண்ணும் ஆகல. நீதான் பயந்து செத்த." பிறகு அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அவுகள வரச்சொல்லு. பேரு அவுகதான் வைக்கணுமின்னு சொல்லியிருக்காக."

வீரய்யா நின்றுகொண்டே இருந்தான். பிரேக் உடைந்துவிட்டது என்கிற வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் அவள் நம்புவாள். தோட்டமும் நம்பும். அவனுக்கு ஒரு பேரப்பிள்ளை இருக்கும், தூக்கி வளர்க்கலாம். கழுவிய கையில் இன்னும் அந்தக் கருகல் வாசனை வந்தது.

"பிரேக்கு ஒடையல தாயி" என்றான். "நாந்தான் அதுல பெல்ட்டு வச்சேன். அது உருகிப்போச்சு."

அவளுக்கு விளங்கவில்லை. "அவுக எங்கப்பா?"

"இராசையா இல்ல தாயி. வண்டிய நிறுத்தப் போயி, சில்லுக்கு அடியில போயிட்டான். லாரி இருந்துச்சு. நாந்தான் வேணாம்னேன்."

இராக்கம்மா அழவில்லை. தையல் இழுத்து வலிக்க வலிக்க ஒருக்களித்து, பிள்ளையைத் தூக்கி, அவனுக்கு எட்டாத பக்கம் சுவரோரமாகப் படுக்க வைத்துக்கொண்டாள்.